பாறையிலிருந்து குதித்து ஏறிய துறை

போர்நிறுத்தம் வந்து சண்டை ஓய்ந்திருந்த காலம். நானும், மச்சான் என்று நான் கூப்பிடும் கூட்டாளியும் உடையார்கட்டுப் பக்கத்தில் ஒரு குளக்கரைப் பாறையிலிருந்து குதிப்பதென்று முடிவெடுத்தோம். இரண்டு பேருக்கும் இருபத்தைந்து வயது தாண்டியிருந்தது. புத்திதான் இன்னும் வந்து சேரவில்லை.

மச்சான் நில அளவையாளருக்குச் சங்கிலி பிடித்தவன், எதையும் அளக்காமல் செய்யமாட்டான். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தான். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. பிறகு தோணியில் வந்த மீன்காரரைக் கெஞ்சி, அடியில் மரக்குற்றி கிடக்கிறதா என்று தடியால் குத்திப் பார்க்க வைத்தான்.

"முதலை இருக்கோ அண்ணை?" என்று நான் கேட்டேன்.

"இருக்கு. ஆனா அது உங்களை மாதிரி வேலையில்லாமல் திரியிறேல்லை."

உள்ளாடையோடு குதித்தோம். அருமையாக இருந்தது. ஏறத் திரும்பினால் பாறை முழுக்கப் பாசி, கை வழுக்கியது. இரு பக்கமும் முள்ளுப்பற்றை. மீன்காரரும் போய்விட்டார். கரையேற இருந்த ஒரே இடம் பெண்கள் குளிக்கும் துறை. அங்கே ஐந்தாறு பேர் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் நின்று பார்த்தோம். அவர்கள் எழும்புவதாக இல்லை.

கடைசியில் ஒரு அம்மா நிமிர்ந்தா. எனக்குக் கலியாணம் பேசியிருந்த பெண்ணின் தாய்.

"தம்பி, குதிக்க முதல் எதாலை ஏறுறதெண்டு பாக்கேல்லையோ?"

"இல்லை மாமி."

அவா ஈரப் போர்வையொன்றை எறிந்தா. ஒரே போர்வைக்குள் இருவரும் ஒட்டிக்கொண்டு ஏறினோம். துறையே சிரித்தது. சம்பந்தம் முறியவில்லை. ஆனால் கலியாண வீட்டில் என் பெயரைவிட இந்தக் கதைதான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.