நாடித்துடிப்பு நூற்று முப்பத்திரண்டு

துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர் அவர். தொண்ணூறு படி இரும்பு ஏணியை வாயில் பாட்டோடு ஏறுகிற ஆள். அந்த உச்சிக் கூண்டுக்குள்தான் ஒரு நாள் நெஞ்சை அடைத்தது. கீழே இறக்க நாற்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் பக்கத்தில் ஒரு ஈ, காக்கை கிடையாது.

பைபாஸ் முடிந்து பிழைத்து வந்தவரை மருத்துவமனையே ஒரு உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டது. நெஞ்சில் தையல் போட்ட பத்துப் பேர், ஆளுக்கொரு மரப்பலகை. அதில் ஏறி இறங்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பயிற்சிக்காரப் பெண் விசில் ஊதுவாள். மணிக்கட்டில் விரல் வைத்துப் பதினைந்து வினாடி எண்ணி, நாலால் பெருக்கி, உரக்கச் சொல்ல வேண்டும். நூற்றிருபதைத் தாண்டினவர் உட்கார்ந்துவிடலாம்.

முதல் நாள் எண்ணினார். இருபத்து மூன்று. தொண்ணூற்றிரண்டு என்று சொல்ல வேண்டியதுதானே? காதுக்குள் இதயம் திம்திம் என்று அடித்தது. "நூத்தி முப்பத்திரண்டு" என்றார். பெண் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதில் உட்கார்ந்ததும் வந்த நிம்மதி இருக்கிறதே, அதுதான் மனுஷனைக் கெடுத்தது.

அன்றிலிருந்து ஆறு வாரம் அதே பொய். மற்றவர்கள் வியர்த்து விறுவிறுக்க ஏறி இறங்க, இவர் சுவரோரம் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மனைவியிடம், "இன்னைக்கு நல்லா ஏறினேன்" என்று இன்னொரு பொய்.

அந்த எண்களெல்லாம் டாக்டருக்குப் போய்க்கொண்டிருந்தன என்பது இவர் மண்டையில் ஏறவே இல்லை. டாக்டர் துடிப்பை இறக்க மாத்திரையைக் கூட்டினார். பிறகு இன்னும் கூட்டினார். இவருக்கு எழுந்தால் தலை சுற்றியது. ஐயோ, மறுபடி வந்துவிட்டது என்று நடுங்கினார்.

ஏழாவது வாரம் பயிற்சிக்காரப் பெண் தனியே கூப்பிட்டாள். "அண்ணா, மாத்திரை கேக்கவே மாட்டேங்குது. வியாழக்கிழமை அட்மிட் பண்ணி உள்ள குழாய் விட்டுப் பார்க்கணுமாம்."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பொய்ம்மா."

"எது பொய்?"

"எல்லா நம்பரும். பயத்துல சொல்லிட்டேன்."

"அட மனுஷா! நல்லா இருக்கற இதயத்துக்கா இத்தனை மாத்திரை? எங்கயாவது மயங்கி விழுந்திருந்தா யாருண்ணா பதில் சொல்றது?" என்று கத்திக்கொண்டே டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் பரிசோதித்து மாத்திரையைக் குறைத்தார். பத்து நாளில் தலைசுற்றல் போனது. பயம் போகவில்லை.

வகுப்புக்குத் திரும்பி வந்த அன்று, பக்கத்துப் பலகைக்காரர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், கையை நீட்டினார். "உங்க வாயை நம்ப முடியாது தம்பி. இனிமே நான்தான் எண்ணுவேன்."

ஏறினார், இறங்கினார். விசில். டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "நூத்திப் பன்னிரண்டு. உட்காரக் கூடாது, ஏறுங்க."

செத்துவிடுவோம் என்றே நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஏறினார். சாகவில்லை. "இப்படியே போனா மூணு மாசத்துல டாக்டரே கிரேன் ஏணி ஏற விட்டுடுவார் அண்ணா" என்றாள் பெண். மற்ற ஒன்பது பேரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் பலகையைவிட்டு இறங்கி வாசலைப் பார்த்து நடந்தார்.

வெளியே வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். பொய்யை, மாத்திரையை, ஏணியை. "எனக்கு மேல போகவே பயமா இருக்கும்மா."

திட்டுவாள் என்று தலை குனிந்துகொண்டார்.

அவள் திட்டவில்லை. "நல்லா ஏறினேன்னு நீங்க சொல்றப்பெல்லாம் நானும் சிரிச்சேன்ல. அதுவும் பொய்தாங்க" என்றாள். "அந்தக் கதவு தொறக்கறப்பெல்லாம் உங்களைத் தூக்கிட்டு வர்றாங்களோன்னுதான் பார்ப்பேன். தினமும்."

அவர் அவள் கையைப் பிடித்தார். பழக்கத்தில் விரல் மணிக்கட்டுக்குப் போய், எண்ணி, நாலால் பெருக்கியது: நூற்று முப்பத்திரண்டு.