பரமட்டா லைனின் முதல் எஞ்சின்

சிட்னி அருங்காட்சியகத்தில், இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த நீராவி எஞ்சின் நிற்கிறது. பரமட்டாவுக்கு முதல் ரயிலை இழுத்துப் போனது இதுதான். அடுப்பு அணைந்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த நெடிய புகைபோக்கி இன்னும் தலை குனியவில்லை. ஓரிடத்தில் நிற்கத் தெரியாத எனக்கே கால் நகர மறுக்கிறது.

"அடேயப்பா" என்று முணுமுணுக்கிறேன். பக்கத்தில் ஆரஞ்சு வேலைச் சட்டையில் நிற்பவர் சட்டென்று திரும்புகிறார்.

"இந்தியாவோ அண்ணை? நான் மன்னார் ஆள். பரமட்டா லைனிலதான் தண்டவாள வேலை."

"எத்தனை வருஷமா?"

"பதின்மூண்டு. படகில வந்தனான். விசா மட்டும் இன்னும் ஆறு மாசம், ஆறு மாசமாத்தான் நீட்டித் தருகினம்."

அவர் கையில் விசாப் படிவம். 'நாட்டை விட்டுப் புறப்படும் நாள்' என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

"ஏதாவது எழுதிடுங்க. வெறுமையா விட்டா விசாவை நிறுத்திடப் போறாங்க."

"இந்த எஞ்சினும் கப்பல்லதானே வந்தது. எப்ப திரும்பிப் போறாய் எண்டு இதை ஆரும் கேட்டவையோ?" சிரிக்கிறார். "பேனை இருக்கோ அண்ணை?"

கொடுக்கிறேன். எஞ்சினின் கதை எழுதிய பலகைமேல் படிவத்தை விரித்து, அந்த வெற்றுக் கட்டத்தில் பெரிய ஆங்கில எழுத்துகளில் நிதானமாக எழுதுகிறார்: திங்கட்கிழமை, காலை ஐந்து மணி, பரமட்டா, வேலைக்கு.