கத்தரினாவின் இடம்

யுத்தம் முடிந்து ஆலங்குடாவில் விடுதிகள் முளைத்த பிறகு நிக்கொலஸ் வலையைக் கைவிட்டான். டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரரை ஒரு விடுதியின் படகில் ஏற்றிப்போவது மீன்பிடியை விட லேசான வேலை. கண்டக்குழியிலிருந்து விடியுமுன் சைக்கிளில் போவான், மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவான். மனைவி மக்தலேனா கரையில் கருவாடு காயப்போடுகிறவள். பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

ஒருநாள் படகைத் தண்ணீருக்குள் தள்ளும்போது அலை அதைத் தூக்கி அவன்மேல் போட்டது. பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தபோது இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வில்லை. விடுதிக்காரன் ஒருமுறை ஒரு பை அப்பிளோடு வந்து பார்த்தான். அதன்பிறகு, "அவர் எங்கட ஆள் இல்ல" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினான்.

கோயில் மண்டபத்தில் இலவச சட்ட உதவி முகாம் வைத்தார்கள். ஸலாஹுதீன் என்ற இளம் சட்டத்தரணி மக்தலேனா சொன்னதை முழுதாகக் கேட்டார். இடையில் ஒருமுறையும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க ஒரு சதமும் தரத் தேவையில்ல. நட்டஈட்டுக்கு நான் வழக்குப் போடுறன். அவர் அங்க வேல செஞ்சவர் எண்டு சொல்ல ஒரு சாட்சி மட்டும் வேணும்."

விபத்து நடந்த அன்று நிக்கொலஸோடு சேர்ந்து படகைத் தள்ளியவன் ஜபார். சாட்சி சொல்வதாக அவன் தன் வாயாலேயே சொன்னான். விசாரணை நாளில் விடுதியின் வான் வண்டியில் வந்து இறங்கினான்.

"இவரத் தெரியும் சேர். கரையில சும்மா நிப்பாரு. அண்டைக்கும் அப்படித்தான், நாங்க கூப்பிடாம வந்து படகில கை வெச்சாரு."

வெளியே வந்ததும் மக்தலேனா அவன் முன்னால் போய் நின்றாள். "எனக்குப் புள்ளைகள் இருக்கு, அக்கா" என்று சொல்லிவிட்டு ஜபார் வண்டியில் ஏறினான்.

வழக்கு அதோடு சரி. அவளைவிட ஸலாஹுதீன்தான் உடைந்துபோனார். மாதாமாதம் அரசாங்கம் கொடுக்கும் ஊனமுற்றோர் உதவியையாவது வாங்கித் தரலாம் என்று அவளைப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த உத்தியோகத்தர் அவரோடு சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார். விறாந்தைக்கு வந்ததும் ஸலாஹுதீன் விண்ணப்பப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"என்ன சேர், இல்லையாமா?"

"இல்ல எண்டு சொல்லல்ல. புதுசாக் குடுக்க இப்ப காசு இல்லயாம். எடுக்கிற ஆள் ஒராள் மௌத்தானா, செத்துப்போனாத்தான் இடம் வருமாம். உங்கட ஊர்ல ஒரு இடம்தான் இருக்கு. அத இப்ப கத்தரினா எண்டு ஒராள் எடுக்கிறாங்க. அடுத்தது நீங்கதான்."

கத்தரினா மக்தலேனாவின் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. ஒரு காலத்தில் கற்பிட்டிச் சந்தையில் மீன் விற்றவள், ஊரிலேயே பெரிய வாய்க்காரி. பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. சிலாபத்தில் கலியாணம் முடித்த மகள் எட்டிப் பார்ப்பதில்லை. அவளுக்குக் கஞ்சி கொடுப்பதும், கழுவிவிடுவதும், சீலை மாற்றுவதும் மக்தலேனாதான். யாரும் கேட்டு அவள் அதைச் செய்யவில்லை.

நிக்கொலஸிடம் விசயத்தைச் சொன்னாள். படுத்தபடியே சிரித்தான். விழுந்த பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

"அது லேசில சாகாது. நாங்க ரெண்டு பேரும் போன பிறகுதான் அது போகும்."

அந்த மாதம் கிராம சேவகர், கத்தரினா உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துப்போக வந்தார். போகும்போது அவளிடம் வேடிக்கையாக, "உங்கட இடத்துக்குப் பக்கத்து வீட்டு ஆள் நிக்குது. கவனமா இருங்கோ" என்றார்.

மறுநாள் மக்தலேனா கஞ்சியோடு போனபோது கத்தரினா கரண்டியை இடக்கையால் தள்ளினாள்.

"நான் செத்தா என்ர இடம் உன்ர புருசனுக்காமே."

"அது அவங்கட சட்டம் அக்கா. நானா போட்டனான்?"

"முதல்ல நீ ஒரு வாய் குடி."

மக்தலேனா கரண்டியைத் திரும்பவும் அவள் வாயருகே கொண்டுபோனாள்.

"குடிச்சுக் காட்டு. பிறகு நான் குடிக்கிறன்."

அவள் குடித்துக் காட்டினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அதுதான். பார்க்க யாராவது வந்திருந்தால் கத்தரினா இன்னும் சத்தமாகக் கேட்பாள். கழுவும்போது, "நல்லாக் கழுவு, நாளைக்குப் பெட்டியில வைக்கிற உடம்பு" என்பாள். போகாமல் விட்டால் பட்டினி போட்டுக் கொல்கிறாள் என்று ஊர் சொல்லும். போனால் சாகும் நாளைப் பார்த்திருக்கிறாள் என்று சொன்னது. மக்தலேனா போனாள். அவள் போகாவிட்டால் வேறு யாரும் போகப்போவதில்லை.

மாரி மழை பிடித்த ஒரு காலையில் கத்தரினா கண் செருகிக் கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. மூச்சு இழுத்தது. மக்தலேனா கதவடியில் நின்று அவளைப் பார்த்தாள். கஞ்சிச் சட்டியை நிலத்தில் வைத்தாள். வீட்டுக்குத் திரும்பினாள்.

அடுப்பை மூட்டினாள். நிக்கொலஸைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டினாள்.

"ஏன் அவுத்துத் திரும்பக் கட்டுற?"

"சரியா இருக்கல்ல."

கட்டி முடித்த பிறகுதான் எழுந்து ஓடினாள். சந்தியில் ஆட்டோ பிடித்து, கத்தரினாவைத் தன் மடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கத்தரினா பிழைத்துக்கொண்டாள்.

பேச்சுத் திரும்பியதும் ஆஸ்பத்திரி வாட்டிலிருந்த எல்லாருக்கும் சொன்னாள்: "அவ வந்து பாத்தவ. பாத்திட்டுத் திரும்பிப் போனவ. எனக்குக் கண்தான் திறக்க ஏலாது, காது கேட்டது."

தாதி மக்தலேனாவைத் திரும்பிப் பார்த்தாள். மக்தலேனா கட்டிலின் கீழே குனிந்து கத்தரினாவின் செருப்பைத் தேடினாள். கத்தரினாவுக்குச் செருப்பே இல்லை.

அதன்பிறகும் கத்தரினா ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாள். அவளுக்கு மக்தலேனாவை விட்டால் ஆளில்லை. கஞ்சி தொடர்ந்தது, அந்த ஒரு வாயும் தொடர்ந்தது. கரையில் கருவாடு புரட்டும் பெண்கள் அவள் வந்தால் கதையை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக் கதை நிக்கொலஸின் காதுக்கும் வந்தது. அவள் மருந்து கட்ட வரும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

கத்தரினா நித்திரையிலேயே போனாள். உடம்பைக் கழுவ மக்தலேனாவையே கூப்பிட்டார்கள். சிலாபத்திலிருந்து வந்த மகள் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, மக்தலேனாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடம் நிக்கொலஸுக்கு வந்தது. அவனால் போக முடியாததால் தபால் கந்தோரில் காசை எடுப்பவள் மக்தலேனா. அதில் அரிசியும், புண்ணுக்குத் துணியும் மருந்தும் வாங்குவாள். முதல் மாதக் காசு வந்த அன்று நிக்கொலஸ் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. பின்னேரம் பசி தாங்காமல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஸலாஹுதீன் வேறொரு முகாமுக்கு வந்தபோது அவளைக் கண்டு சந்தோசப்பட்டார். "ஒண்டாவது சரிவந்திச்சே" என்றார். அவள் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருப்பாள். எல்லாரும் எழுந்து நற்கருணை வாங்கப் போகும்போது அவள் மட்டும் எழும்புவதில்லை. பாதர் ஒருநாள் வாசலில் நிறுத்தி ஏன் என்று கேட்டார்.

"வரமுன் தேத்தண்ணி குடிச்சிட்டன், பாதர். வெறும் வயித்திலதானே நற்கருணை வாங்கோணும்."

அடுத்த ஞாயிறும் அவர் கேட்டார். அவள் அதையே சொன்னாள். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.