வாடகைக்குப் பேட்டரி கட்டை

என் வீட்டுக்காரருக்குக் கப்பல் வேலை. எழுபதுகளின் நடுவில் ஒரு லீவில் எங்கள் கடலோர ஊரான மணப்பாட்டுக்கு வந்தவர், சிங்கப்பூரில் வாங்கிய புதுச் சாமானைக் கட்டிலில் பரப்பினார். டார்ச்சுக்கும் டிரான்சிஸ்டருக்கும் போடுகிற பேட்டரி கட்டைதான். ஆனால் தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டாம், கரண்டில் சொருகித் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

"இது இங்கன எத்தனை விக்கும்னு விசாரிச்சுப் பாரு. நல்லா விக்கும்னா கடை போட்டு இருந்திருதேன். இல்லன்னா கப்பலுக்குத்தான் போவணும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டில் இருந்ததைவிட நான் அவரை வழியனுப்பியதுதான் அதிகம். எனக்கு அலுத்துப் போயிருந்தது. அவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். சர்ச்சில் பூசை முடிந்ததும், டிரான்சிஸ்டர் பாடுகிற வீடாகப் பார்த்து நுழைந்தேன். முற்றத்தில் கருவாடு காய்கிற பாயிலேயே தீர்ந்த கட்டைகளும் காய்ந்துகொண்டிருந்தன. வெயில் பட்டால் இன்னும் ரெண்டு பாட்டுக்கு வரும் என்று நம்பிக்கை. இத்தனை ஆசை உள்ள ஊரில் விற்காமல் எங்கே போகும் என்று எனக்கு வாயெல்லாம் பல்.

கேட்கக் கேட்க அந்தச் சிரிப்பு போய்விட்டது. பாதி வீட்டில் கரண்டே இல்லை. கரண்டு இருந்த வீட்டு அக்கா ஒருத்தி, "ஏளா, ஒரு தடவ வாங்கிட்டா பொறவு வாங்கவே வேண்டாம்லா? அடுத்த மாசம் ஒங்க கடைல என்னத்த விப்பிய?" என்றாள். எரிச்சலாக வந்தது. நியாயமான கேள்வி என்பதால் கூடுதல் எரிச்சல்.

அவளை மனசுக்குள் வைதுகொண்டே நடந்தேன். வாடகை சைக்கிள் கடையைத் தாண்டும்போதுதான் உறைத்தது. எடுத்துப் போகிறார்கள், ஓட்டுகிறார்கள், திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். யாருமே சைக்கிளை வாங்கவில்லை, கடை மட்டும் ஜோராக நடக்கிறது.

வீட்டில் அவர் கப்பலுக்குக் கொண்டுபோகும் பெட்டியை இறக்கித் தூசி தட்டி, சட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்.

"எத்தனை விக்கும்?"

"ஒண்ணுகூட விக்காது" என்றேன். அவர் முகம் வாடியது. அது வாடியதில் எனக்குச் சந்தோஷம்தான்; அவருக்கும் போக மனசில்லை.

"விக்க வேண்டாம், வாடகைக்கு விடுவோம். தீர்ந்த கட்டயக் குடுத்துட்டு ஏத்துன கட்டய எடுத்துட்டுப் போகட்டும். வாராவாரம் எல்லாரும் வருவாவ. நம்ம வீட்டுல கரண்டு இருக்குல்லா."

"அப்போ ஏத்தவும் மாத்திக் குடுக்கவும் எந்நேரமும் இங்கன ஓராளு இருக்கணுமே" என்றார்.

"அதத்தான் சொல்லுதேன்" என்றேன்.

சட்டைகளை எடுத்துக் கட்டிலில் போட்டார். அந்தப் பெட்டியில்தான் கட்டைகளை அடுக்கிக் கடையை ஆரம்பித்தோம். அதற்கப்புறம் அது கப்பல் ஏறவே இல்லை.