பன்னிரண்டாவது ஆட்டக்காரனைத் தேடிப் போன ஞாயிற்றுக்கிழமை

காலை 8.50. ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு. மொன்றியல் நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நானும் மகள் ஆரணியும் புறப்பட்டோம். அவளுக்குப் பதினொரு வயது. அவளுடைய பைக்குள் துவாயில் சுற்றிய ஓர் அல்பம் இருந்தது.

"பையை நான்தான் கொண்டு வருவன் அப்பா. நீங்கள் தொடவேண்டாம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

அந்த அல்பத்தில் என்ன என்று கேட்பீர்கள், பிள்ளைகளே. ஐம்பது வருடத்துக்கு முன்னர் சூயிங்கம் பக்கற்றோடு விளையாட்டு வீரர்களின் படம் போட்ட அட்டைகள் வந்தன. சீட்டுக்கட்டுச் சீட்டு அளவுதான் இருக்கும். இந்த ஊர்ச் சனத்துக்கு ஐஸ் ஹொக்கிப் பைத்தியம். அதனால் பழைய ஹொக்கி அட்டைக்குத்தான் அடிபிடி. மாதாமாதம் நடக்கும் பழைய அட்டைச் சந்தையில் கூடைப்பந்து அட்டைகளைச் சப்பாத்துப் பெட்டியில் கொட்டி, எதை எடுத்தாலும் ஒரு டொலர் என்று மேசைக்குக் கீழே தள்ளிவிடுவார்கள். ஆரணி இரண்டு வருடமாக அந்த மேசைகளுக்குக் கீழே குந்தியிருந்து, ஒரு பழைய அணியின் பன்னிரண்டு பேரில் பதினொரு பேரைச் சேர்த்துவிட்டாள். பன்னிரண்டாவது ஆள் மட்டும் கிடைக்கவில்லை.

அந்த ஆளின் அட்டை ரெமி என்ற கிழவரிடம் இருந்தது. செப்டெம்பர் மாதச் சந்தைக்கு ஆரணி சிநேகிதியின் தாயோடு போனபோது, அவளிடம் இருந்த வேறோர் அட்டையை அவர் கண்டிருக்கிறார். பெரிய பம்பைத் தலை வைத்த ஒரு வீரன். ஒரு டொலர் பெட்டியில் எடுத்ததுதான், ஆனால் மூலைகள் நான்கும் புதிது போலக் கூராக இருந்தன. "அடுத்த முறை என்னுடையதைக் கொண்டுவருகிறேன், மாற்றிக்கொள்வோம்" என்று சொல்லியிருந்தார்.

9.05. கோட் வெர்த்து மெத்ரோ நிலையம். எனக்கு மூன்று டொலர் எழுபத்தைந்து சதம், ஆரணிக்கு இலவசம். அங்கிருந்து வில்லா மரியா ஏழாவது தரிப்பு.

"அங்க விலையைக் கேட்டுக் கத்தாதேங்கோ."

"நான் ஏன் கத்தப்போறன்?"

"கடையில கத்தரிக்காய் விலைக்கே கத்துறனீங்கள்."

9.45. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், மெத்ரோவிலிருந்து எட்டு நிமிட நடை. ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். உள்ளே முப்பது மேசையாவது இருக்கும். நரைத்த பெரியவர்கள் சின்னப்பிள்ளைகள் போலக் குனிந்து அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெமி வாசலுக்கு அருகிலேயே இருந்தார். அவர் முன்னால் கண்ணாடி உறைக்குள் அந்தப் பன்னிரண்டாவது ஆட்டக்காரன். கீழே விலை: முந்நூற்றிருபது டொலர்.

"என்னது!" என்று கத்தியேவிட்டேன்.

"அப்பா!"

முந்நூற்றிருபது டொலர் ஒரு காகித அட்டைக்கு! நான் மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி கட்டுகிறவன். இரண்டு முழுநாள் நின்றால்தான் அது கிடைக்கும். என் மகள் ஒரு டொலருக்கு எடுத்த அட்டைக்கு இதையா மாற்றித் தரப்போகிறார்?

ரெமி "பொன்ஜூர்" என்று வணக்கம் சொல்லி, ஆரணியின் அட்டையை உறையிலிருந்து வெளியே எடுத்தார். விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்தார். ஒரு சின்ன உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து ஒரு மூலையைப் பார்த்தார். மற்ற மூலையைப் பார்த்தார். திருப்பினார். பிறகு உருப்பெருக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

"இதற்கு என்ன செய்தாய்?" பிரெஞ்சில்தான் கேட்டார். வேலையிடத்தில் பழகிய பிரெஞ்சு எனக்கு அவ்வளவுக்குப் போதும். "பின்பக்கம் நான்கு மூலையிலும் மஞ்சள் கறை. ஈரம் பட்டு ஊதியிருக்கிறது. போன மாதம் இப்படி இல்லையே. அப்போது இதுவும் முந்நூறு டொலருக்குப் போயிருக்கும்."

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "பூட்டின் சாப்பிட்ட கையோ?" என்று, குழம்பு ஊற்றிய இந்த ஊர் உருளைக்கிழங்குப் பொரியலைச் சொல்லிச் சிரித்தார்.

"நான் கை கழுவாமல் தொடுறதே இல்லை!" ஆரணியின் குரல் உடைந்தது. "அதை நான் வெளியில எடுக்கவே இல்லை!"

அந்த மஞ்சள் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

மூன்று கிழமைக்கு முன்னர் எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசை. பிள்ளைகளின் புத்தகங்களைப் படத்துக்கு முன்னால் வைத்தபோது, இதுவும் அவளுடைய படிப்புத்தானே என்று அந்த அல்பத்தையும் வைத்தேன். பிளாஸ்ரிக்கில் பூசினால் ஆகாது என்று அந்தப் பம்பைத் தலை வீரனின் அட்டையை மட்டும் வெளியில் எடுத்தேன். புது உடுப்புக்குப் பூசுவது போல, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து நான்கு மூலையிலும் தொட்டு வைத்தேன். படம் பழுதாகக்கூடாது என்று பின்பக்கத்தில்தான் வைத்தேன். காய்ந்ததும் திரும்ப உறைக்குள் போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஏற்கனவே மங்கல் நிறம். பிள்ளைக்குத் தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திராது. ஆனால் ரெமி ஆரணியைப் பார்த்த பார்வை ஒரு பொய்க்காரியைப் பார்ப்பது போல இருந்தது.

"நான்தான்" என்றேன். நெஞ்சில் கை வைத்து, தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். "மகள் இல்லை. நான். கடவுளுக்கு. மஞ்சள்."

ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

"மன்னிக்கவேண்டும் மிஸ்யூ, இனி மாற்ற முடியாது" என்று சொல்லி, ரெமி அட்டையை மெதுவாக உறைக்குள் இட்டு அவளிடமே கொடுத்தார். நாங்கள் இன்னும் அந்த மேசையை விட்டு விலகவில்லை. பின்னால் நின்ற ஒருவர் காசை எண்ணி வைத்துவிட்டு, பன்னிரண்டாவது ஆட்டக்காரனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

10.20. திரும்பும் மெத்ரோ. ஸ்னோடன் தரிப்புப் போனது, நமூர் போனது. பிறகு ஆரணி யன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏன் அது ஒண்டுக்கு மட்டும் பூசினீங்கள்?"

"அதுதானே உன்ர நல்ல அட்டை. காரியம் சரிவரவேணும் எண்டு நினைச்சன்."

"என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"ஓம் அம்மா."

முந்நூற்றிருபது டொலரைக் கண்ட அதிர்ச்சி அந்த நேரம் எங்கேயோ போய்விட்டது. வேலையிடத்தில் ஒரு மருந்துப் பெட்டி நசுங்கினாலே ஓடிப்போய் மேலாளரிடம் சொல்கிறவன் நான். என் பிள்ளையின் பொருளை எடுக்குமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. உங்கள் அப்பாமாரும் இப்படிச் செய்தால், பிள்ளைகளே, கோபப்படுங்கள். ஆனால் காரணத்தையும் கேளுங்கள்.

10.40. கோட் வெர்த்துவில் இறங்கி வெளியே வந்தோம். குளிர்காற்று முகத்தில் அடித்தது.

"அடுத்த மாதமும் சந்தை இருக்கு" என்றாள். "ஒரு டொலர் பெட்டியை நான் இண்டைக்குப் பாக்கவே இல்லை. நீங்களும் வாங்கோ."

"நானுமோ?"

"ஓம். ஆனா கையை எடுக்கக்கூடாது. பொக்கற்றுக்குள்ளயே வைச்சிருக்கவேணும்."

உடனேயே இரண்டு கைகளையும் குளிர்ச்சட்டைப் பைக்குள் விட்டேன். வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிட நடை. ஒருதரமும் வெளியே எடுக்கவில்லை. கதவைக்கூட அவள்தான் திறந்தாள்.