ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை

பென்னலூர் ஷெர்லினிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதற்கு முன் மேடையில் எந்த பல்பு எரியவில்லை என்று பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, இவள் மைக் ஒயர் நைந்துபோன இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வேண்டுமென்று செய்வதில்லை. கண் அப்படிப் பழகிவிட்டது.

பழக்கியது கம்பெனி. ப்ளஸ் டூ முடித்த கையோடு ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். லைனில் வருகிற சின்னச் சின்ன போர்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஈயம் சரியாக ஒட்டாத இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. ஸ்டிக்கர் விழுந்த போர்டு யார் கையிலிருந்து வந்ததோ அவர்களுக்கு சூப்பர்வைசரிடம் அர்ச்சனை நடக்கும். மெஷின் செட்டிங்கைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். செட்டிங் இன்ஜினீயர் போட்டது, அது தப்பாகாது. தப்பென்றால் ஏதோ ஒரு கை செய்த தப்புதான். இப்படி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றாலும் லைனில் நின்ற எல்லோருக்கும் இது தெரியும். ஷெர்லினைப் பார்த்தால் பெண்பிள்ளைகள் "மேடம் வருது, மேடம் வருது" என்று கிசுகிசுத்துக்கொண்டு முதுகை நிமிர்த்தி உட்காருவார்கள். அவளுக்கும் அது உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை போயிற்று. புகுந்த வீட்டில் லைட் செட் தொழில். கணவன் கம்பெனி பஸ் ஓட்டக் கிளம்பிவிட, சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் டீக்கடைக்கும் லாட்ஜுக்கும் இடையில் இருந்த தகர ஷெட் இவள் கைக்கு வந்தது. பொம்பளை என்ன லைட் கட்டுவாள் என்று சிரித்தவர்கள், அவள் போட்ட லைட்டில் ஒரு பல்பும் அணையாததைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார்கள். அம்மன் கோயில் ஆடித் திருவிழா, மாதா கோயில் தேர், கம்பெனிகளில் ஆயுத பூஜை என்று எல்லாவற்றுக்கும் அவள் ஷெட்டிலிருந்து போர்டு போகும். பனைமர உயரத்துக்குச் சாரம் கட்டி ஏற்றுகிற எல்இடி போர்டு. தெருமுனையில் நின்றால் அம்மன் கண்ணைத் திறந்து மூடுவாள், மயில் தோகை விரிக்கும்.

பேச்சிராஜ் அந்த ஷெட்டுக்கு வந்தது ஒரு மழை நாளில். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். வல்லம் வடகாலில் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அடுத்த மாசம் வைத்திருப்பார்களா என்பது அவனுக்கும் தெரியாது, வைத்திருப்பவர்களுக்கும் தெரியாது. லீவு நாளில் ஒயரிங் வேலை கிடைக்குமா என்று கேட்டான். "மேடம், எனக்கு சால்டரிங் நல்லா வரும் மேடம்."

"மேடம்லாம் கம்பெனியோட போச்சு," என்றாள் ஷெர்லின். "அக்கான்னு கூப்டு, போதும். இன்னா?"

"சரிக்கா," என்றான். அன்றிலிருந்து வாரம் தவறாமல் வந்தான். பல்பு கோப்பதில் அவன் கை அவ்வளவு சுத்தம். இரும்புச் சட்டத்தில் அடித்த தகட்டின் ஓட்டைகளில் முன்பக்கம் பல்பு எட்டிப் பார்க்கும், பின்பக்கம் ஒயர் ஓடும். ஒரு வரிசை இடமிருந்து வலம் போனால் அடுத்த வரிசை வலமிருந்து இடம் திரும்பி வரும். ஏர் ஓட்டுகிறவன் கரை வரை போய்த் திரும்புவது மாதிரி. ஒயர் மிச்சம் என்பதால் இந்தப் பக்கத்து ஷெட்டுகளில் எல்லாருமே அப்படித்தான் கோப்பார்கள்.

அந்த ஆடி மாசத்துக்கு முன்னால் வனமாமலை வந்தார். நாங்குநேரியிலிருந்து வந்து ஒரகடத்தில் பெரிய லைட் கான்ட்ராக்டராக உட்கார்ந்தவர். கையில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி.

"கன்வெர்ட்டரும்மா. இனிமே மயிலையும் தாமரையையும் யாரு பாக்கா? கேமராவுல தெரியுதது அப்படியே போர்டுல தெரியணும். சாமி வீதியில வரும்போது போர்டுலயும் வரணும். சனங்க மொகம் போர்டுல தெரிஞ்சா எவன் வேண்டாம்பான்?" பேச்சிராஜைப் பார்த்தார். ஊர் விசாரித்தார். முகம் மலர்ந்தது. "நம்ம பக்கத்துப் பயலாடே நீ? இது மட்டும் சரியா வந்துட்டுன்னா என்கிட்ட ஒயர்மேனா வந்துரு. நிரந்தரம். கம்பெனி வாசல்ல போய் நிக்க வேண்டாம்."

அவர் போனபிறகு பேச்சிராஜ் ஒரே பல்பை இரண்டு முறை கோத்தான். பிறகு, "யக்கா, நிரந்தரம்னு சொன்னாருல்லா?" என்று கேட்டான். "சொன்னாரு, நானும் தான் கேட்டுகினு இருந்தேன்," என்றாள் ஷெர்லின். அவளுக்கும் சந்தோஷம்தான்.

பெட்டியை அமைக்கும் வேலை ஷெர்லினுடையது. லேப்டாப்பிலிருந்தோ கேமராவிலிருந்தோ வரும் படத்தைப் பெட்டி ஒரு பக்கம் வாங்கிக்கொள்ளும். எந்த பல்பு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று மறுபக்கம் போர்டுக்குச் சொல்லும். இதுவரை மயில் படத்தைச் சென்னையில் ஒருவர் செய்து மெமரி கார்டில் அனுப்புவார். எந்த பல்பு எங்கே இருக்கிறது என்பது அவர் கவலை. இப்போது அதைப் பெட்டிக்கு இவள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை பல்பு, முதல் பல்பு எந்த மூலை என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் இரண்டு சின்னப் படங்கள். ஒன்றில் எல்லா வரிசையும் ஒரே பக்கத்திலிருந்து கிளம்பின. மற்றதில் அம்புக்குறி போய்த் திரும்பி வந்தது. முதல் படத்தில் ஏற்கெனவே டிக் இருந்தது. பெட்டி செய்தவனே போட்ட டிக், அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

சோதித்தும் பார்த்தாள். போர்டு முழுக்கச் சிவப்பு விட்டாள், பச்சை விட்டாள், நீலம் விட்டாள். அட்டகாசமாக எரிந்தது. ஒரே நிறம் விட்டால் எந்த பல்பு எந்தப் பக்கம் இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே. அது அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வனமாமலை வந்து போர்டுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஷெர்லின் கேமராவை அவர் முகத்துக்குத் திருப்பினாள். போர்டில் வந்தது முகம் இல்லை. சீப்பின் பற்களை மாற்றி மாற்றி வைத்த மாதிரி வரிவரியாகக் கிழிந்த ஏதோ ஒன்று. அவர் தலையை ஆட்டினால் பாதி வரிகள் இந்தப் பக்கமும் பாதி வரிகள் அந்தப் பக்கமும் ஆடின.

"இது யாரும்மா, நானா?" என்றார்.

ஷெர்லினின் விரல் தானாக நீண்டது. அந்த விரலைச் சொல்லிக் குற்றமில்லை, கம்பெனியில் ஆறு வருஷம் அப்படித்தான் நீண்டிருக்கிறது. "செட்டிங் எல்லாம் கரெக்டா கீதுண்ணே. ஒயரிங்லதான் மிஸ்டேக்கு. வரிசை மாறி கீது."

பேச்சிராஜின் முகம் சுண்டிப்போயிற்று. போர்டின் பின்பக்கம் ஓடிப் பார்த்தான், திரும்ப வந்தான். "எப்பவும் கோக்குத மாதிரிதானேக்கா கோத்தேன்..." என்று இழுத்தான். அப்புறம் அவனே, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்கயோ அசந்துட்டேன் போல," என்றான்.

வனமாமலை எழுந்து வேட்டியை உதறினார். "திருவிழாவுக்குள்ள சரி பண்ணிருங்க." ஒயர்மேன் பேச்சை அவர் எடுக்கவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

பேச்சிராஜ் கம்பெனிக்கு லீவு சொன்னான். பெட்டி கேட்கிறபடியே எல்லா வரிசையும் ஒரே பக்கத்திலிருந்து கிளம்பும்படி மாற்றுவது என்று முடிவாயிற்று. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பல்புகளைப் பிடுங்க வேண்டும். சரத்தைத் தலைகீழாகத் திருப்பி ஒவ்வொரு பல்பையும் மறுபடி ஓட்டையில் அழுத்த வேண்டும். வரிசை முடிகிற இடத்திலிருந்து அடுத்தது தொடங்குகிற இடத்துக்கு நீள ஒயர் இழுத்துப் பற்றவைக்க வேண்டும். கட்டைவிரல் தோல் உரிந்து, துணியைச் சுற்றிக்கொண்டு அழுத்தினான். "அக்கா, ஒங்களுக்கு எம்புட்டு சங்கடம் என்னால," என்று நடுவில் வேறு சொன்னான்.

பாதி போர்டு முடிந்திருந்தபோது அவன் சாப்பாடு வாங்கப் போனான். ஷெர்லின் சும்மா இருக்காமல் லேப்டாப்பில் செட்டிங் பக்கங்களைப் புரட்டினாள். அந்த இரண்டு படங்கள் வந்தன. போய்த் திரும்பி வருகிற அம்புக்குறியை இப்போதுதான் உண்மையில் பார்த்தாள். ஏர் ஓட்டின மாதிரி. தன் ஷெட்டில் எப்போதும் கோக்கிற மாதிரி. இரண்டாவது படத்தில் டிக் போட்டாள்.

கேமரா ஷெட் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. போர்டின் மேல்பாதியில், பேச்சிராஜ் இன்னும் தொடாத பாதியில், வாசலின் மேல்சட்டமும் அதற்கு அப்பால் டீக்கடைப் பலகையும் கண்ணாடி மாதிரி தெரிந்தன. அவன் விரலைத் தேய்த்துச் 'சரி' செய்த கீழ்ப்பாதி மட்டும் கிழிந்து கிடந்தது.

அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரே ஒரு டிக், அதுவும் இவளுடையது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. விரல் முந்திக்கொண்டது. டிக் பழைய இடத்துக்குப் போயிற்று. உள்ளே வந்த பேச்சிராஜ் போர்டைப் பார்த்து, "கீழ எல்லாம் சரியாயிட்டுக்கா! நீங்க சொன்னதுதான்!" என்று சிரித்தான். சாப்பாட்டுப் பொட்டலத்தை அவளுக்கு முதலில் பிரித்து வைத்தான். ஷெர்லின் அதை அப்படியே மடித்து வைத்தாள்.

திருவிழா அமர்க்களமாக நடந்தது. அம்மன் வீதி வர வர போர்டிலும் வந்தாள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகள் கேமராவுக்கு முன்னால் போய்க் கையாட்டிவிட்டு, போர்டில் தங்களைப் பார்த்துக் கத்தின. வனமாமலை கூட்டத்துக்கு நடுவில், "ஷெர்லின் ஒரு பார்வை பாத்தா, எங்க தப்புன்னு சொல்லிருச்சு!" என்றார். அவருக்குப் பக்கத்தில் புது ஒயர்மேன் இசக்கிபாண்டி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பேச்சிராஜ் அதையும் பார்த்தான். பார்த்துவிட்டு ஊருக்கு வீடியோ கால் போட்டு, போர்டைக் காட்டி, போனை ஷெர்லினிடம் நீட்டினான். "எங்கம்மா பேசணுமாம்க்கா."

"நல்லாருப்பே தாயி," என்றது போனுக்குள் ஒரு முகம். "தப்பு செஞ்சாலும் தள்ளி விடாம கூட வச்சிருக்கியாமே. எம்மவன் சொன்னான்."

ஷெர்லின் தலையாட்டினாள். அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அடுத்த ஞாயிறு பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் நின்றவள், மறைத்த பாவத்தோடு அதை வாங்கக் கூடாது என்று பாதியிலேயே விலகி வெளியே வந்துவிட்டாள். கணவன் தலைவலியா என்று கேட்டான். ஆமாம் என்றாள். அதுவும் ஒரு பொய்யாயிற்று.

அவள் மறைத்தது அவளோடு முடிந்திருந்தால் ஒருவேளை காலத்துக்கும் மறைத்தேயிருப்பாள். ஆனால் வனமாமலை போன் செய்தார். மிச்ச போர்டுகளையும் அதே மாதிரி மாற்றிவிடச் சொன்னார். லீவு நாளில் பேச்சிராஜ் வந்தான். கட்டைவிரலில் புதுத்தோல் அப்போதுதான் மூடியிருந்தது. அடுத்த போர்டைக் குப்புறப் போட்டு, கட்டரை எடுத்து முதல் ஒயரில் வைத்தான்.

"இந்தத் தடவ ஒரு பல்பு மாறாதுக்கா. இசக்கிபாண்டி வேலைய விட இது சுத்தமா இருந்தா, அண்ணாச்சி யோசிப்பாருல்லா?"

"வெட்டாதே," என்றாள் ஷெர்லின்.

கட்டர் நின்றது. அவள் பெட்டியை அந்தப் போர்டோடு இணைத்தாள். இருவருமாகப் போர்டை நிமிர்த்தி வைத்தார்கள். கேமராவை அவன் பக்கம் திருப்பினாள். போர்டில் அவன் முகம் வரிவரியாகக் கிழிந்தது. "இங்க பாரு," என்று லேப்டாப்பைக் காட்டி, இரண்டாவது படத்தில் டிக் போட்டாள். பேச்சிராஜின் முகம் முழுசாக வந்து நின்றது. நெற்றி வியர்வைகூடப் பளபளத்தது.

அவன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அந்தப் போர்டு?"

"அதுவும் கரெக்டாதான் கோத்திருந்தே. நான்தான் தப்பா போட்டேன்."

"எப்பக்கா தெரியும்?"

பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. "நீ சோறு வாங்கப் போனியே, அப்பவே தெரியும்," என்றாள். "சொல்ல வாய் வரல பேச்சி. என் மானம் போயிடும்னு உன் பொழப்புல கைய வெச்சிட்டேன்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அங்கேயே வனமாமலைக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"அட, செட்டிங்தானா?" மறுமுனையில் அவர் சிரித்தார். "இதுக்குப் போயா அழுவுத? மனுசன்னா தப்பு வராதா? விடும்மா. ஒயர் செலவு மிச்சம்னு வச்சுக்க."

"இல்லண்ணே, பேச்சிராஜோட வேல..."

"அந்த எடத்துலதான் இசக்கிபாண்டி வந்துட்டானே. பாவம், அவனையும் போன்னு சொல்ல முடியுமா? பாப்போம், பாப்போம்." போன் வைக்கப்பட்டது.

அவளுடைய தப்பை மன்னிக்க அவருக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. செய்யாத தப்புக்கு இவன் கிடைக்கவிருந்த வேலையை இழந்து நிற்கிறான். ஷெர்லினுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. எதிர்பார்த்த பாரம் இறங்கவில்லை, கூடத்தான் செய்தது.

பேச்சிராஜ் கட்டரைத் துடைத்து டூல்ஸ் பெட்டியில் வைத்தான். ஈயச் சுருளை இருந்த இடத்தில் தொங்கவிட்டான். குழாயடியில் கைகழுவி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். ரோட்டில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"வாரேன் மேடம்," என்றான்.

மேடம் வேண்டாம், அக்கான்னு கூப்டு என்று இந்த முறை சொல்ல ஷெர்லினுக்கு வாய் வரவில்லை.