புதன்கிழமை ரயிலும் திங்கட்கிழமையே கிளம்பிய பையும்

எங்கள் மகள் கவிநயாவுக்கு மும்பையில் துணி வடிவமைப்பு மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நாமக்கல்லில் இருந்து பிள்ளைகளை வடக்கே அனுப்பும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி விவரம் கேட்பதால், போய் வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் செய்த தவறையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் பட்டியல் போட்டு, முடிந்ததும் டிக் அடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். முன்பதிவு பயண நாளுக்கு அறுபது நாள் முன்பு, காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. ஏழு ஐம்பதுக்கே போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். சேலத்தில் காலை 11.35-க்குக் கிளம்பி தருமபுரி, ஓசூர், பெங்களூர், சோலாப்பூர் வழியாக மறுநாள் மாலை ஐந்து மணிவாக்கில் குர்லா டெர்மினஸ் போய்ச் சேரும் ரயில். தூரம் 1,350 கிலோமீட்டருக்குப் பக்கம். மூன்றாம் வகுப்பு ஏசியில் ஆளுக்கு 1,745 ரூபாய். வெள்ளி காலை ஆஜராக வேண்டும் என்பதால் புதன்கிழமை ரயில். எட்டு மணி நாலு நிமிடத்துக்கு டிக்கெட் கையில்.

"எத்தன டிக்கெட்டு?" என்று கேட்டார் என் கணவர் ராமசாமி.

"ரெண்டுங்க. எனக்கும் கவிக்கும்."

"ம்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அவர் பத்தொன்பது வருடம் மும்பை லைனில் லாரி ஓட்டியவர். இப்போது சொந்தமாக இரண்டு வண்டி வைத்துக்கொண்டு ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அத்தனை தடவை பார்த்த ஊருக்கு மறுபடி எதற்கு வரப்போகிறார் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அன்றைக்குக் கவி, "அப்பா, பாம்பேல கடல் எப்படிங்ப்பா இருக்கும்?" என்று கேட்டாள். "கலம்போலில வண்டி நிறுத்துற எடத்துலருந்து பாத்தா கடல் தெரியாது சாமி. லோடு எறக்குவோம், லோடு ஏத்துவோம், கெளம்பீருவோம்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்று பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் பிரச்சினை வந்தது. காலண்டரைத் திருப்பிப் பார்த்தவர், "புதன்கெழம வடக்கே சூலமாச்சே சுமதி" என்றார்.

செவ்வாயும் புதனும் வடக்கு நோக்கிக் கிளம்பக்கூடாது என்பது கணக்கு. லாரிக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை லோடு என்றால் திங்கட்கிழமை நல்ல நேரத்திலேயே வண்டியை எடுத்து, ஊர் எல்லையைத் தாண்டி ஏதாவது ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திவிடுவார்கள். பயணம் திங்கட்கிழமையே தொடங்கிவிட்டதாக அர்த்தம். ஆட்களுக்கும் அதேபோல உண்டு. போகிறவர்களின் துணிமணியையும் முக்கியமான பொருளையும் ஒரு பையில் போட்டு, நல்ல நேரத்தில் வெளியே எடுத்துப் போய், போகும் வழியில் வேறொருவர் இடத்தில் வைத்துவிட வேண்டும். பரஸ்தானம் என்று பெயர். கிளம்பிய பை வீட்டுக்குத் திரும்பக் கூடாது. போகிறபோது வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரயிலைப் பிடிக்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்கு எரிச்சல்தான். ஆனால் பதினாறு டயர் வண்டியில் தொப்பூர் கணவாயை எத்தனையோ முறை ஏறி இறங்கி முழுசாக வீடு வந்த மனிதரிடம், சூலம் பொய் என்று எந்த முகத்தோடு சொல்வது? சரி என்றேன். திங்கட்கிழமை காலை அவரே ஒரு நீலப் பையை அடுக்கினார். என்ன அடுக்கினார் என்று நான் பார்க்கவில்லை. "முக்கியமானது உள்ள இருக்கோணும்" என்று சான்றிதழ் ஃபைலைக் கேட்டார், கொடுத்தேன். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி புதுச்சத்திரத்தில் டயர் கடை வைத்திருக்கும் அவருடைய நண்பர் செல்வராஜிடம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். புதன்கிழமை அவரே எங்களைக் காரில் சேலம் கொண்டுபோய் விடும்போது எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். என் பட்டியலில் நான்காவது பை என்று எழுதி, பக்கத்தில் 'கிளம்பியாச்சு' என்று டிக் அடித்துவிட்டேன்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு அவருக்குப் போன் வந்தது. எங்கள் லாரி ஒன்று கரூருக்கு அந்தப் பக்கம் ஆக்சில் உடைந்து ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கிறது. வேறு வழியில்லாமல் காரை எடுத்துக்கொண்டு அவர் தெற்கே ஓடினார். போகும்போது கவியின் தலையில் கை வைத்து, "நல்லா போய்ட்டு வா சாமி" என்றார். கண்ணைப் பார்க்காமல் சொன்னார். வண்டிக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் 8.20-க்கு நாமக்கல் பேருந்து நிலையத்தில் இடைநில்லாப் பேருந்து ஏறினோம். ஆளுக்கு 50 ரூபாய். புதுச்சத்திரம் மேம்பாலத்தைத் தாண்டும்போது நான் வாட்டர் கேன், சார்ஜர், பூட்டுச் சங்கிலி என்று பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்துக்குக் கீழேதான் செல்வராஜ் அண்ணன் கடை. சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் இறங்கி, டிபன் சாப்பிட்டு, 120 ரூபாய் ஆட்டோவில் ஜங்ஷன் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேமுக்கால். இதுவரை எல்லாம் திட்டப்படி.

11.05-க்குக் கவி சாதாரணமாகக் கேட்டாள், "அம்மா, அந்த நீலப் பை எங்கீங்ம்மா?"

பட்டியலை எடுத்தேன். கிளம்பியாச்சு. டிக். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, சாதிச் சான்று, மாற்றுச் சான்று என்று அவள் இருபத்தோரு வருடத்தில் வாங்கியதெல்லாம் புதுச்சத்திரத்தில் டயர்களுக்கு நடுவே இருக்கிறது. ரயிலுக்கு அரை மணி நேரம். நடுவில் முப்பத்தெட்டு கிலோமீட்டர். இந்த ரயிலை விட்டால் வெள்ளி காலை போய்ச் சேர எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

அவருக்குப் போன் போட்டேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை. "ரயிலு ஓசூருக்கு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"மூணு அஞ்சுங்க."

"ஏறிக்கோங்க."

"பை இல்லாம எங்கீங்க ஏறுறது?"

"பை ரோட்ல வரும். நீ ஏறு சுமதி. ரயிலு பாலக்கோடு, ராயக்கோட்டைன்னு மல சுத்திக்கிட்டுப் போவும். ரோடு நேரா போவுது. நா பாத்துக்கறேன்."

பத்து நிமிடத்தில் செல்வராஜ் அண்ணனே கூப்பிட்டார். நாமக்கல்லில் இருந்து பெங்களூர் போகும் முட்டை லாரி ஒன்று காற்றுப் பிடிக்க அவர் கடையில் நின்றிருக்கிறது. டிரைவர் முருகேசன் என் கணவரோடு முன்பு வண்டியில் போனவர். "பைய ஏத்தி உட்டாச்சு, பயப்படாதீங்க. ஆனா முட்ட வண்டிங்க, ரொம்ப வெரட்ட முடியாது" என்றார். அந்தக் கடைசி வரியை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏறினோம். பி-2 பெட்டி, கீழ் படுக்கையும் நடுப் படுக்கையும். இந்தப் பாதையில் போகிறவர்கள் பகலில் ஜன்னலோரம் உட்காருங்கள். ஓமலூர் தாண்டியதும் நிலம் ஏறத் தொடங்குகிறது, மாந்தோப்பும் பாறைக் குன்றுமாக நன்றாக இருக்கும். எனக்கு அன்றைக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. மடியில் தாளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். புதுச்சத்திரம் முதல் ஓசூர் வரை இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மணி 11.20-லிருந்து 3.05 வரை மூன்றே முக்கால் மணி நேரம். சுங்கச்சாவடி, தொப்பூர் எல்லாம் சேர்த்து மணிக்கு ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் சராசரி வேண்டும். எட்டாம் வகுப்பில் நான் வருடா வருடம் நடத்தும் கணக்குத்தான். முட்டையை வைத்து யாரும் அப்படிக் கணக்குக் கேட்டதில்லை.

கவி அழவில்லை. "கெடைக்கலீன்னா ஓசூர்ல எறங்கிக்கலாம்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள். அது எனக்கு அழுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை இருவருமே தொடவில்லை.

என் கணவர் கரூர் ரோட்டோரத்தில் நின்றுகொண்டு அரை மணிக்கு ஒருமுறை போன் செய்தார். 12.50-க்கு, லாரி தொப்பூர் ஏறியாச்சு. 1.25-க்கு, தருமபுரி பைபாஸ். எங்கள் ரயில் அப்போதுதான் தருமபுரி ஸ்டேஷனை விட்டிருந்தது. 2.15-க்கு, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் நீள வரிசை. அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. ராயக்கோட்டையில் எதிர் ரயிலுக்காக எங்களை நிறுத்தினார்கள். ஒற்றைத் தண்டவாளப் பாதை, அடிக்கடி நடப்பதுதான். எதிர் சீட்டுக்காரர் ரயில்வேயைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தார். நான் மட்டும் இன்னும் கொஞ்சம் நில்லேன், இன்னும் கொஞ்சம் நில்லேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பதினெட்டு நிமிடம் நின்றது.

ஓசூரில் 3.24. ரயில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நடைமேடையில் நீலப் பை எதுவும் இல்லை. கவி இரண்டு பெட்டிகளை வாசல் வரைக்கும் இழுத்து வைத்துவிட்டாள், இறங்குவதற்கு. அப்போது மேம்பாலப் படிக்கட்டில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ராமசாமியண்ணன் ஊடுங்களா?"

"ஆமாங்க, ஆமாங்க!"

"இந்தாங்க்கா. ரோட்டு மேலயே வண்டிய நிறுத்தீட்டு ஆட்டோல வந்தனுங்க. பைய கீழ வெக்கக் கூடாதுன்னு அண்ணன் சொன்னாருங்க, சீட்டுலயே வெச்சுக் கொண்டாந்தேன்."

நன்றி சொல்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. "முட்ட ஒண்ணும் ஒடையலீங்க்கா!" என்று கத்திக்கொண்டே கூட ஓடி வந்தார். அப்போதுதான் கவி அழுதாள்.

இருக்கைக்கு வந்து பையைத் திறந்தேன். மேலே சான்றிதழ் ஃபைல், ஒன்றும் குறையவில்லை. அதன் கீழே, போகிறவர்களின் துணி. கவியின் மஞ்சள் சுடிதார் ஒன்று. என் இளம்பிள்ளைத் தறிச் சேலை ஒன்று. அதற்கும் கீழே, இஸ்திரி மடிப்புக் கலையாமல், அவருடைய வெள்ளைச் சட்டையும் வேட்டியும்.

நானும் கவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போன் போட்டேன். பை வந்துவிட்டது என்று சொன்னேன். அவர் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது.

"ஏனுங்க, உங்க வேட்டி சட்ட எதுக்குங்க இதுல?"

"பையில எடம் இருந்துச்சு, போட்டேன்" என்றார்.

மீதிப் பயணத்தில் சொல்ல அதிகமில்லை. இரவுச் சாப்பாட்டைப் பெங்களூரிலேயே வாங்கிவிடுங்கள். மறுநாள் வழியெல்லாம் வெயில், தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். குர்லாவில் இறங்கும்போது 5.40. மாலைக் கூட்டத்தில் பெட்டி படுக்கையோடு லோக்கல் ரயில் ஏற நினைக்காதீர்கள், வெளியே வந்து மீட்டர் ஆட்டோ பிடியுங்கள். எங்களுக்கு 160 ரூபாய் ஆனது. வெள்ளிக்கிழமை 9.10-க்குக் கவி வரிசையில் நின்றாள், பதினொன்றரைக்கு அவள் பெயர் பதிவேட்டில் ஏறியது. நான் மரத்தடியில் உட்கார்ந்து ஆற அமர ஒரு டீ குடித்தேன்.

அன்று மாலை கடலோரம் போனோம். கவி வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அட, ரோட்டுக்குப் பக்கத்துலயே இருக்குதா" என்றார். பிறகு, "கலம்போலிலருந்து நாப்பது, அம்பது கிலோமீட்டர் இருக்குமா சாமி?"

"அவ்வளவுதாம்ப்பா இருக்கும்."

அறுபது நாள் திட்டம் போட்டேன். பூட்டுச் சங்கிலி வரைக்கும் எழுதி வைத்தேன். கூட இருக்கும் மனிதரிடம் நீங்களும் வருகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்பது மட்டும் பட்டியலில் இல்லை. அவர் வாய் திறந்து சொல்கிற ஆளும் இல்லை. பைக்குள் வைக்கத்தான் தெரிந்திருக்கிறது.

போகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அசல் சான்றிதழை உங்கள் உடம்போடு இருக்கும் பையில் வையுங்கள், எந்தச் சூலத்துக்காகவும் பிரிக்காதீர்கள். பரஸ்தானத்துக்குத் துணி போதும். பட்டியலில் 'கிளம்பியாச்சு' என்று எழுதாதீர்கள், 'கையில் இருக்கிறது' என்று எழுதுங்கள். போகும் பாதையை ஒட்டி ரோடு எங்கே வருகிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எத்தனை என்பதை வீட்டில் எல்லாரையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அரையாண்டு விடுமுறையில் கவியைப் பார்க்கப் போகிறேன். அதற்கான முன்பதிவு நேற்றுக் காலைதான் திறந்தது. எட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே கேட்டுவிட்டேன், "ஏனுங்க, டிசம்பர்ல பாம்பேக்கு நீங்களும் வாரீங்களா?"

"நா பாக்காத பாம்பேயா? நீ போய்ட்டு வா" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு டிக்கெட் போட்டேன். சாயங்காலம் அவராகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "சன்னலோரமா போட்டிருக்கியா?" என்று கேட்டார்.